முறிந்த என்பும் மூடிய தசையறையும்

முழுமையிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து ஆராயும் முறை மருத்துவ அறிவுக்குப் பெரும் வெற்றிகளை ஈட்டித் தந்துள்ளது. எனினும், பிரித்தெடுத்த பகுதியையே முழுமையெனக் கொள்ளுமிடத்து அவ்வெற்றியே ஆபத்தாக மாறுவதும் உண்டு. கணைக்காலென்பு முறிவுக்குச் செய்யப்படும் தகட்டுச் சத்திரசிகிச்சை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

முறிந்த என்பை உலோகத் தகட்டினாலும் திருகாணிகளாலும் பொருத்தும் முறையை ஜேர்மனியரான கார்ல் ஹான்ஸ்மன் 1886 இல் வெளியிட்டார். 1958 இல் சுவிற்சலாந்தில் மொரிஸ் முல்லர் முதலியோர் அமைத்த ஏ.ஓ. குழு அதனை ஒழுங்குபட்ட முறையாக வளர்த்தது. மாதக்கணக்கிற் சாந்துக்கட்டுடன் கிடந்து மூட்டுகள் விறைத்துப்போன நோயாளரை விரைவில் இயங்கச் செய்வதே அவர்களது நோக்கமாகும். இன்று என்பின் நடுத்தண்டு முறிவுகளுக்கு உள்ளாணியே பெரிதும் பயன்படுகின்றது. மூட்டுகளை அண்டிய முறிவுகளுக்குத் தகடு இன்றியமையாததாக விளங்குகின்றது.

எக்ஸ்-கதிர்ப்படம் என்பையே காட்டுகின்றது. ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள தசைகள், எளிதில் விரியாத உறைகளால் நான்கு அறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. முறிவினாற் குருதி கசிந்து தசை வீங்கும்போது அறையினுள் அமுக்கம் உயர்கின்றது. ஓரெல்லை வரை இது அளவு மாற்றம் மட்டுமே. அவ்வெல்லை கடந்ததும் நுண்ணிய குழாய்களிற் குருதியோட்டம் தடைப்பட, ஒட்சிசனின்றித் தசையும் நரம்பும் இறக்கத் தொடங்குகின்றன. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் இந்நிலையே கொம்பாட்மன்ட் சின்ட்ரோம் எனப்படும் தசையறை அமுக்க நோயாகும்.

இந்நோய் சத்திரசிகிச்சை பெறாதவரிடத்தும் தோன்றும். முறிவே அதன் முதற்காரணம். ஆயினும் சிகிச்சை அதனைக் கூட்டவும் கூடும். ஒன்றன்மேலொன்று ஏறிய என்புத் துண்டுகளை இழுத்து நேராக்கும்போது அறையின் கொள்ளளவு குறைகின்றது. தகடும் இடத்தைப் பிடிக்கின்றது. வீங்கிய தசையின்மேல் உறையை இறுகத் தைப்பின் அமுக்கம் மேலும் உயரும். ஆதலாலேயே உறையைத் தைக்காது விடுவர். வீக்கம் மிகுந்தவிடத்து, முதலில் வெளிச்சட்டத்தால் என்பை நிலைநிறுத்தி, வீக்கம் தணிந்த பின்னரே தகட்டைப் பொருத்துவர்.

இறுக்கமான கட்டுகளாற் குருதியோட்டம் தடைப்பட்டுக் கைத்தசைகள் சுருங்கிப்போவதை ரிச்சாட் வொன் வொல்க்மன் 1881 இலேயே விளக்கினார். 1870-71 பிரான்சிய-பிரஷ்யப் போரின்போது இராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர் இவர். ரிச்சாட் லேயாண்டர் என்ற புனைபெயரிற் கதைகள் எழுதியவரும் இவரே என்பது இலக்கிய மாணவர் அறியத்தக்கது.

பாதத்தில் நாடித்துடிப்பு இருப்பது மட்டும் நலத்துக்குச் சான்றாகாது. பெருநாடியின் அமுக்கம் அறையின் அமுக்கத்திலும் மிகுதியாகையால், உள்ளே தசை இறக்கும்போதும் துடிப்பு நிலைத்திருக்கலாம். காயத்தின் அளவை மிஞ்சிய நோவும், விரல்களைப் பிறர் அசைக்கையில் அது பெருகுதலுமே முதல் அறிகுறிகளாம். இதய விரிவுக் குருதியமுக்கத்துக்கும் அறையின் அமுக்கத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு 30 மில்லிமீற்றர் இரசத்திலுங் குறைந்து நீடிப்பின் உறையை வெட்டித் திறக்க வேண்டுமென, 1996 இல் எடின்பரோவைச் சேர்ந்த மக்குயீனும் கோட்-பிறவுணும் காட்டினர். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தின் பின் தசையின் சேதம் மீளாததாகிவிடும்.

இந்நோய்க்குப் பெரிதும் ஆளாவோர் இளம் ஆண்கள். காலை இழப்பது பலருக்கு உழைப்பையே இழப்பதாகும். அமுக்கமானி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அஃதில்லாதவிடத்து நோயாளியின் சொல்லே கருவியாகின்றது. ஆயின் சொல்லின் மதிப்பும் சமூகத்திற் சமமாக வழங்கப்படுவதில்லை. நள்ளிரவில் விடுதியிற் கிடந்து 'நோகுது' என முறையிடும் கூலித் தொழிலாளியின் குரல், தாங்கமாட்டாதவனின் புலம்பலென ஒதுக்கப்படலாம். மேலதிக நோவடக்கி மட்டுமே அவனுக்குக் கிடைக்கலாம். அம்மருந்தோ, எச்சரிக்கும் ஒரே அறிகுறியையும் மறைத்துவிடும். எனவே மணிக்கொருமுறை காலைச் சோதிக்கப் போதிய தாதியர் இருத்தலும், நோயாளியின் சொல்லைச் சான்றாக ஏற்றலும், தகட்டைப் போலவே சிகிச்சையின் பகுதிகளாகும் என்பதை நாம் வற்புறுத்த வேண்டும்.