வாரத்துக்கு ஐந்து நிமிஷம்

ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடக்கிறது. சில மாதம் கழித்துத் தேர்வு வைத்தால் முக்கால்வாசிப் பேர் தேறிவிடுகிறார்கள். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் எதுவுமே மாறவில்லை. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகிய கதைதான். ஸ்டேஜிங்கில் அருமையாக ஓடும் புரோகிராம் புரொடக்‌ஷனுக்குப் போனதும் படுத்துக்கொள்ளும். பிரசவ அறையில் இப்படி நடந்தால்?

நான் மருத்துவர் இல்லை. நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீட்கும் பயிற்சியைப் பொம்மைகளை வைத்து எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் டான்சானியாவில் நடந்த ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

பொம்மை வந்த கதை

இதயம் நின்றவரின் மார்பை வெளியிலிருந்து கையால் அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960-ல் கட்டுரை வெளியிட்டார்கள். (மூவரில் கூவன்ஹோவன் எலெக்ட்ரிகல் என்ஜினீயர். அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) அதே காலத்தில் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால், பயிற்சிக்காகவே ஆளுயரப் பொம்மை ஒன்றை உருவாக்கினார். பெயர் ரெசஸி ஆன்.

பொம்மை எதற்கு? பெரியவர்களுக்கு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்தணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலே வர விடணும். புத்தகத்தில் படித்து இந்த ஆழம் கைக்கு வராது. நன்றாக இருக்கும் ஆளின் மேல் பழகிப் பார்க்கவும் முடியாது.

கை பழகினால் போதாது

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இதயம் நின்றால் கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் மார்பை அழுத்தணும், ஒருவர் அம்பு பேக் பிடிக்கணும், ஒருவர் மருந்து ஏற்றணும், ஒருவர் ஷாக் மெஷினைப் பார்க்கணும், ஒருவர் நேரம் குறிக்கணும். 2 நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாறணும். மாறும்போது 10 வினாடிக்கு மேல் அழுத்தம் நிற்கக் கூடாது.

இந்தக் கூட்டத்தில் "அட்ரினலின் கொடுங்க" என்று பொதுவாகச் சொன்னால், இரண்டு பேர் கொடுத்துவிடலாம், யாருமே கொடுக்காமலும் போகலாம். அதனால் பெயரைச் சொல்லிக் கேட்கப் பழக்குகிறார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். முடித்ததும் "கொடுத்தாச்சு" என்று அறிவிக்கணும். நெட்வொர்க் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: அக்னாலெட்ஜ்மென்ட் வராத பாக்கெட்டை நம்பக் கூடாது.

இந்தப் பாடம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே ஒரு பயணிகள் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே கேப்டன் மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவது உடன் இருந்தவர்களுக்குத் தெரிந்தும், அவர் மனதில் ஏறும்படி அழுத்திச் சொல்லவில்லை. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகு விமானக் குழுக்களுக்குக் கூட்டாக வேலை செய்யும் பயிற்சி ஆரம்பமானது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா குழுவினர் 1990 வாக்கில் அதை மயக்க மருந்து மருத்துவர்களுக்காகச் சிமுலேட்டரோடு சேர்த்து மாற்றியமைத்தார்கள்.

ஹைடம்

இப்போது டான்சானியாவுக்கு வருவோம். நாட்டின் வடபகுதியில், கிராமங்களுக்கு நடுவே இருக்கிறது ஹைடம் லூதரன் மருத்துவமனை.

பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தானாகவே மூச்சுவிட்டு அழுதுவிடும். நூறில் பத்துக்குக் கொஞ்சம் உதவி வேண்டும்: துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டினால் போதும். அதிலும் சில குழந்தைகளுக்கு அம்பு பேக்கால் மூச்சு கொடுக்கணும். முதல் ஒரு நிமிஷத்துக்குள் இதை ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் 'பொன்னான நிமிஷம்'. மூச்சு கொடுப்பது ஒவ்வொரு 30 வினாடி தள்ளிப்போகும்போதும், குழந்தை இறப்பதற்கோ நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கோ உள்ள அபாயம் 16% கூடுகிறது என்று இதே ஹைடமில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

2010 ஏப்ரலில் அங்கே 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' என்ற ஒரு நாள் பயிற்சி நடந்தது. பொம்மையின் பெயர் நியோநாட்டலி. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனம் வந்துவிடும். சின்ன ரப்பர் குமிழைப் பிடித்து அமுக்கினால் தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும், இன்னொன்றை அமுக்கினால் அழும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஏழு மாதம் கழித்துப் பொம்மையை வைத்தே சோதித்தார்கள். மூச்சு மீட்கும் சோதனையில் பயிற்சிக்கு முன் தேறியவர்கள் 18%. இப்போது 74%. எந்த மேனேஜரும் இந்த ஸ்லைடைப் போட்டுக் கைதட்டு வாங்கிவிடலாம்.

ஆனால் அவர்கள் நிஜப் பிரசவங்களையும் கவனித்துக் குறித்தார்கள். அங்கே மூச்சு கொடுக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மாறவில்லை. தூண்டிவிடுவது முன்பைவிடக் குறைந்தே போயிருந்தது.

இந்த இடத்தில் பலரும் "பயிற்சியால் பிரயோஜனமில்லை" என்று கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் பயிற்சியின் அளவை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ வார்டிலேயே வைத்தார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 நிமிஷம் பழகுவது. அதோடு அவ்வப்போது கொஞ்சம் நீளமான மறுபயிற்சி.

2015-ல் வெளிவந்த முடிவுப்படி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் 1000-க்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தன. தூண்டிவிடப்பட்ட குழந்தைகள் 14.5%-லிருந்து 16.3% ஆனார்கள். அம்பு பேக் தேவைப்பட்டவர்கள் 7.3%-லிருந்து 5.9% ஆகக் குறைந்தார்கள். இந்தக் கடைசி இரண்டு எண்களைச் சேர்த்துப் படியுங்கள். ஆரம்பத்திலேயே துடைத்துத் தூண்டியதால், பேக் வரை போக வேண்டிய நிலை குறைந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

எச்சரிக்கையும் வேண்டும். இது ஒரே ஆஸ்பத்திரியில் முன்பு, பின்பு என்று ஒப்பிட்ட ஆய்வு. குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்ததில்லை. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம்.

ஏன் அப்படி?

இது என் ஊகம். வகுப்பில் பொம்மை மூச்சுவிடப் போவதில்லை என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். வார்டில் தெரியாது. பத்துக் குழந்தைகளில் ஒன்பது தானாகவே அழுகிறபோது, "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பது பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கணும். கை செய்ய வேண்டியது ஏழு மாதத்துக்கு முன் படித்த பாடமாக இருந்தால், தயக்கம் ஜெயிக்கும். போன செவ்வாய்க்கிழமை செய்ததாக இருந்தால், கை தானாக நகரும். அதோடு, வேலை செய்யும் மேஜையிலேயே பழகினால் பேக் எங்கே இருக்கிறது, மாஸ்க் சரியான அளவா என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹன்ட் குழுவினர் 2014-ல் எழுதிய முறையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. தப்பு நடந்த நொடியே பயிற்சியை நிறுத்தி, பத்து வினாடி பின்னால் போய், அதே இடத்தைச் சரியாகத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். சாவகாசமாகக் கடைசியில் உட்கார்ந்து பேசும்போது தலைக்குத் தெரியும். உடனே திரும்பச் செய்தால் கைக்கும் தெரியும்.

கோடிக்கணக்கில் செலவழித்து சிமுலேஷன் மையம் திறப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே சான்றிதழ் வாங்கியவர் வார்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் யாராவது எண்ணணும். உங்களுக்குத் தெரிந்த நர்ஸோ டாக்டரோ இருந்தால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடைசியாக எப்போது பொம்மையில் பழகினீர்கள்? அது வகுப்பிலா, உங்கள் வார்டிலா?