நாற்பதிலிருந்து ஒன்பதுக்கு

அமெரிக்காவில் துப்பாக்கி விற்கும் கடைகளில், கைமாறி வந்த ஆயுதங்களுக்கென்று ஒதுக்கிய கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்பவருக்கு, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கறுப்புக் கைத்துப்பாக்கிகள் வரிசையாய்க் கிடப்பது கண்ணில் படும். ஊர்ப் போலீஸ் இலாகாக்கள் புதிய துப்பாக்கி வாங்கிய சமயத்தில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டு போனவை அவை. பல வருஷ காலம் இடுப்புறையினுள் ஏறியும் இறங்கியும் வந்தமையால் முனையின் ஓரங்களில் கறுப்பு மெருகு தேய்ந்து எஃகு வெளுத்துத் தெரியும். ஆனால் ஸ்லைடு எனப்படும் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் குழலின் உள்ளே நோக்கினால், இடையிடையே பரீட்சைக்காகச் சுட்டதைத் தவிர அது அதிகம் உழைத்ததில்லை என்பது விளங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள பொருள், விலையும் சகாயம். இருந்தும் வாங்க வருகிறவர்களில் பலர் அதைத் தாண்டிப் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பாராமுகத்துக்குக் காரணம் அதன் எஃகுமல்ல, வேலைப்பாடுமல்ல. அது ஏற்கும் தோட்டாவின் அளவேயாகும். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் நாற்பது பங்கு குறுக்களவுள்ள குண்டைச் செலுத்துவதால் அதற்குப் 'பாயிண்ட் நாற்பது' என்று பெயர். அந்தத் தோட்டா பணத்துக்கும் செலவு, சுடுகிற கைக்கும் சிரமம். ஆகவே, அந்தத் துப்பாக்கியைச் சகாயமாக வாங்கி, அதன் குழலை மாத்திரம் அகற்றிவிட்டு, 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் வேறொரு குழலை அதனுள் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. வெளிப்பார்வைக்கு ஒட்டுவேலைபோல் தோன்றும் இந்தக் காரியம், உண்மையில் அந்தத் துப்பாக்கியை அதன் பூர்வ ரூபத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதே என்பது என் அபிப்பிராயம்; அதை விளக்க, நாற்பது பிறந்த கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி, ஃப்ளோரிடா மாகாணத்தின் மயாமி நகருக்கு அருகே, எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு இலாகாவைச் சேர்ந்த எட்டு உத்தியோகஸ்தர்கள், வங்கிகளைக் கொள்ளையிட்டுவந்த இரண்டு பேரைத் தெருவில் மடக்கினார்கள். சில நிமிஷங்களே நீடித்த சண்டையில் உத்தியோகஸ்தர்கள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளைக்காரர் இருவரும் முடிவில் கொல்லப்பட்டார்கள் என்றாலும், அவர்களில் ஒருவனை ஆரம்பத்திலேயே தைத்த 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்று, அவனது வலக்கையைத் துளைத்து மார்பினுள் புகுந்து, இருதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுபோயிற்று என்பதும், அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டேயிருந்தான் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அந்த ஓர் அங்குலமே பின்னர் முப்பது வருஷத்துச் சரித்திரத்தை நடத்தியது. குற்றம் குண்டின் மேல் சுமத்தப்பட்டது. மாமிசத்தை ஒத்த ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவாத குண்டு இனி உதவாது என்று இலாகா விதித்தது.

முதலில் அவர்கள் நாடியது, 1983இல் வெளிவந்திருந்த 10 மில்லிமீட்டர் தோட்டாவை. அது மகா உக்கிரமான தோட்டா. அதை முழு வேகத்தில் சுட்டால் சாமானிய மனிதரின் கை தாங்காதென்று கண்ட இலாகா, மருந்தைக் குறைத்து மிதமான வேகத்தில் செய்து தரும்படி கேட்டது. மருந்து குறைந்ததும், பித்தளைக் கூட்டினுள் பாதி வழியில் வெற்றிடம் நின்றது. வெற்றிடத்தைச் சுமப்பதற்கு நீளமான கூடு எதற்கு என்ற எண்ணம் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், வின்செஸ்டர் என்னும் இரு கம்பெனிகளுக்கும் உதித்தது. ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுள்ள கூட்டை 21.6 மில்லிமீட்டராகக் குறுக்கினார்கள். 1990ஆம் வருஷம் ஜனவரியில் 'பாயிண்ட் நாற்பது எஸ் அண்டு டபிள்யூ' வெளிவந்தது. அப்படிக் குறுக்கியதன் விசேஷப் பலன் யாதெனில், 9 மில்லிமீட்டருக்கென்று செய்த துப்பாக்கியின் உடலிலேயே, பிடியைப் பருமனாக்காமல், இந்தப் புதிய தோட்டாவை அடக்கிவிட முடிந்தது. கிளாக் கம்பெனியார் தங்கள் 17ஆம் எண் துப்பாக்கியின் உடலிலேயே 22ஆம் எண்ணைச் செய்து, தோட்டாவைப் படைத்தவர்களுக்கும் முந்திக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் போலீஸ் இலாகாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அதற்கு மாறின, எஃப்.பி.ஐ.யும் 1997இல் அதையே மேற்கொண்டது.

இங்கே இரண்டு தோட்டாக்களையும் மேஜைமேல் அருகருகே நிறுத்திப் பார்ப்பது உபயோகமாயிருக்கும். 9 மில்லிமீட்டர் ஒல்லியாய், முனை கூம்பி நிற்கும். ஜெர்மானியராகிய கியோர்க் லூகர் சென்ற நூற்றாண்டின் உதயத்தில் உருவாக்கியது அது. நாற்பது குட்டையாய், தலை தட்டையாய், தோள் பெருத்து நிற்கும். சாதாரணமாகப் பழக்கத்துக்குச் சுடும் 9 மில்லிமீட்டர் குண்டின் எடை 115 கிரெய்ன், அதாவது ஏழரை கிராம். நாற்பதின் குண்டு 180 கிரெய்ன், பதினொன்றரை கிராமுக்கு மேல். இரண்டும் குழலினுள் எழுப்ப அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என ஒன்றாகவே இருக்க, அதே அழுத்தம் அகலமான குண்டின் அடியில் அதிக பரப்பைத் தள்ளுவதால், குண்டு முன்னே போகும் உந்தமும் அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் உந்தமும் நாற்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாகின்றன. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் அந்த மூன்றில் ஒரு பங்கு முழுவதும் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது.

மணிக்கட்டுக்கு வருவது வலி மாத்திரமானால் பொறுத்துக்கொள்ளலாம். மனத்துக்கு வருவதுதான் பெரிய தீங்கு. துப்பாக்கிப் பயிற்சி தரும் ஆசான்கள் ஒரு பரீட்சை செய்வதுண்டு. பழகுகிறவருக்குத் தெரியாமல் மேகசீனில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றிரண்டைச் செருகிக் கொடுப்பார்கள். அவர் குறிபார்த்து விசையை அழுத்துவார். பொய்த் தோட்டா வந்த இடத்தில் வெடி கேளாது, உதையும் இராது. ஆனால் அந்த நிசப்தத்தில் துப்பாக்கியின் முனை தானாகவே தரையை நோக்கி வெடுக்கென்று குனிவதை அவரே தம் கண்ணால் காண்பார். வரப்போகும் உதைக்கு அஞ்சிக் கை முன்கூட்டியே தாழ்ந்துவிட்டது! இந்த அச்சம் ஒருமுறை கைக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற மாதக்கணக்கில் பொறுமையாய்ப் பழக வேண்டும். அப்படிப் பழகுவதற்கோ நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் வேண்டும். நாற்பதின் தோட்டாவோ விலையில் அதிகம். உதைக்கு அஞ்சுவதால் குறி தவறுகிறது, விலைக்கு அஞ்சுவதால் பழக்கம் நின்றுபோகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட துப்பாக்கி அலமாரியில் தூங்குகிறது.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை. 9 மில்லிமீட்டர் உலகத்துச் சேனைகள் பலவற்றின் பொதுத் தோட்டா. அமெரிக்க ராணுவமே 1985இல் அதற்கு மாறிவிட்டது. எண்ணற்ற ஆலைகள் அதைச் செய்து குவிக்கின்றன. நாற்பதோ பெரும்பாலும் அமெரிக்கப் போலீஸாரை நம்பிப் பிறந்தது. அன்றியும், நாற்பதின் இரண்டு குண்டுகளுக்குச் செலவாகும் ஈயத்தைக்கொண்டு 9 மில்லிமீட்டரின் மூன்று குண்டுகளை வார்த்துவிடலாம்.

கடைசியில் எஃப்.பி.ஐ.யே மனம் மாறியது. இடைக்காலத்தில் குண்டு செய்யும் கலை வெகுவாய் முன்னேறி, நல்ல 9 மில்லிமீட்டர் குண்டுகள் அந்த ஜெலட்டின் பரீட்சையில் நாற்பதுக்குச் சமமாய்த் தேறின. 2014இல் குவாண்டிகோவிலுள்ள அதன் பயிற்சிப் பிரிவினர், தம்மிடம் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் 9 மில்லிமீட்டரில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். 2016இல் இலாகா 9 மில்லிமீட்டர் கிளாக் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்ற இலாகாக்களும் அந்த வழியே போயின. ஆரம்பத்தில் நாம் கண்ட கண்ணாடிப் பெட்டி நிரம்பியது இவ்விதமே.

இனி மாற்றத்தின் நுட்பத்துக்கு வருவோம். தன்னியக்கக் கைத்துப்பாக்கிகள் அநேகத்தில், சுத்தம் செய்வதற்காக ஸ்லைடைக் கழற்றியதும் சுருள்வில்லும் குழலும் கையோடு வந்துவிடும். மாற்றுக் குழல் என்பது, வெளி அளவில் நாற்பதின் குழலை அப்படியே ஒத்து, உள்துளையில் மாத்திரம் 9 மில்லிமீட்டராய்க் கடைந்தெடுத்தது. துளை சிறுத்து வெளிச்சுற்று மாறாதிருப்பதால் அதன் சுவர் தடித்திருக்கும். கையில் வைத்தால் கனமும் சிறிது கூடுதலாய்த் தெரியும். 9 மில்லிமீட்டருக்கென்றே செய்த கிளாக்கின் குழலைக் கொண்டுவந்து இதில் நுழைத்தால், ஸ்லைடின் வாய் அகலமாயிருப்பதால் அது ஆடும். ஆகையால்தான் இதற்கெனப் பிரத்யேகக் குழல் செய்கிறார்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசீனையும் 9 மில்லிமீட்டருக்குரியதாய் மாற்றிக்கொள்வது நலம். துப்பாக்கியின் உடல் ஆதியில் ஒன்பதுக்காக அமைந்ததே ஆதலால் அது பிடியினுள் தடங்கலின்றிப் போய் உட்காரும். பெரிதைச் சிறிதாக்கும் இந்த வித்தையைத் திருப்பிச் செய்வது இயலாது: 9 மில்லிமீட்டர் ஸ்லைடில் நாற்பதின் பருத்த அடிப்பாகம் உட்காருவதற்கு இடமில்லை.

குறை ஒன்று உண்டு, அதை மறைப்பதற்கில்லை. சுட்ட கூட்டின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி நாற்பதின் அளவுக்கு அமைந்தது; ஒன்பதின் விளிம்பு அதைவிட முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறுகியது. பிடி தளர்ந்து வெற்றுக் கூடு சிக்கிக்கொள்ளும் துப்பாக்கிகளும் உண்டு. சிக்காமல் ஆயிரக்கணக்கில் சுடும் துப்பாக்கிகளும் உண்டு. சிலர் கொக்கியையும் கூட்டை உதறித் தள்ளும் நாக்கையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். பயிற்சிக் களத்துக்கு இந்த மாற்றம் மிக உத்தமமென்றே சொல்வேன். உயிர்காப்புக்கு நம்ப வேண்டிய ஆயுதமானால், பல நூறு தோட்டாக்கள் சுட்டுப் பாராமல் நம்பலாகாது.

கனத்த துப்பாக்கிக்கு இலேசான தோட்டா தேடுவது புதிதுமல்ல. முதல் மகாயுத்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவத்தார், பாயிண்ட் 455 ரிவால்வரின் முரட்டு உதையைப் புதுச் சிப்பாய்கள் பழகுவது அரிதென்று கண்டு, பாயிண்ட் 38க்கு இறங்கி, 1932இல் என்ஃபீல்டு ரிவால்வரை மேற்கொண்டார்கள். அதனினும் சுவாரசியமானது கோல்ட் கம்பெனியாரின் முயற்சி. பாயிண்ட் 45 பிஸ்டலில் பழகுகிறவர்களுக்கு மலிவான பாயிண்ட் 22 தோட்டா உதவட்டுமென்று 1931இல் 'ஏஸ்' என்ற துப்பாக்கியைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு தோட்டாவுக்குக் கனத்த ஸ்லைடைத் தள்ளப் போதிய பலமில்லை. அதைத் தீர்த்துவைத்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாவில் கள்ளச் சாராயம் காய்ச்சிய இடத்தைப் போலீஸார் சோதனையிடுகையில் ஓர் அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் 1921இல் தண்டிக்கப்பட்டு, சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கி நுட்பங்களைக் கற்பனை செய்து உருவாக்கி, 1929இல் விடுதலையானவர் அவர். தோட்டா அமரும் அறையைக் குழலிலிருந்து தனியே பிரித்து, வெடித்த வாயு அந்த அறையையே பின்னால் தள்ளும்படி அவர் அமைத்தார். சிறு தோட்டாவின் உதை பலமடங்காகி ஸ்லைடு தடையின்றி ஓடியது. 1937இல் அது 'சர்வீஸ் ஏஸ்' ஆயிற்று. மறுவருஷமே பாயிண்ட் 45 துப்பாக்கியில் மாட்டிக்கொள்ளத்தக்க மாற்றுச் சாதனமாகவும் விற்பனைக்கு வந்தது. வில்லியம்ஸின் சரிதையை 1952இல் ஹாலிவுட்டில் படமாகவே எடுத்தார்கள். கோல்ட் தேடியது மலிவு மாத்திரமே. உதை பெரிய துப்பாக்கியைப்போலவே இருக்கவேண்டுமென்று விரும்பினார்கள். இன்று நாற்பதை மாற்றுகிறவர்கள் மலிவோடு மென்மையையும் பெறுகிறார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு இதுவே மேலான வழியென்று நினைக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய நாற்பதுக் குழலைத் திரும்பப் பொருத்தியபின் மறதியாய் 9 மில்லிமீட்டர் தோட்டாவை இட்டால், கொக்கியின் பிடியிலேயே அது நின்று வெடித்துவிடவும் கூடும், கூடு பிளந்துபோகும். எந்தக் குழல் உள்ளே இருக்கிறதோ அந்தத் தோட்டா மாத்திரமே மேஜைமேல் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் அமெரிக்க நாட்டின் சட்டத்துக்கு உட்பட்ட சங்கதிகள். இந்தியாவில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பது குற்றம். ராணுவத்துக்குரிய 9 மில்லிமீட்டர் இங்கே குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கான குழல் முதலிய உறுப்புகளும் அந்தத் தடையில் அடங்கும். பிரிட்டிஷாரின் பாயிண்ட் 38 வெப்ளி ரிவால்வரைத் தழுவிக் கான்பூரில் நம் சர்க்கார் ஆலை செய்த குடிமக்கள் ரிவால்வர், பாயிண்ட் 32 அளவில் அமைந்ததும் ராணுவத்துக்குரிய அளவுகளுக்கு உள்ள இத்தகைய தடையை அனுசரித்தே.