செல்போன் சொல்லும் செடியில் கஷாயம் வைக்கலாமா?

முழு ஆண்டு விடுமுறை வந்தாலே தாய்மார்களுக்கு ஒரே கவலைதான். "பிள்ளைங்க எப்பப் பார்த்தாலும் செல்போனும் கையுமா இருக்காங்களே டாக்டர்!" என்று அலுத்துக்கொள்வார்கள். போனைப் பிடுங்க வேண்டாம். பிள்ளை, போன் இரண்டையும் வெளியே அழைத்துப் போங்கள்!

திருச்சிக்காரர்களுக்கு ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தது, சுமார் 25 ஏக்கர். அங்கே பிள்ளைகளுக்கு ஓர் அதிசயத்தைச் சொல்லிக் கொடுங்கள். வண்ணத்துப்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் முட்டையிடத் தனக்குரிய செடியைத்தான் தேடும். ஒரு வகைக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை, இன்னொன்றுக்கு எருக்கு, வேறொன்றுக்கு ஆடுதின்னாப்பாளை. இலையைக் காலால் தொட்டு, ருசி பார்த்த பிறகே முட்டையிடும்!

கேமராவுக்கு மூக்கு இல்லை

செடியைப் படம் பிடித்தால் செல்போன் பெயர் சொல்கிறதே, எப்படி? லட்சக்கணக்கான படங்களைப் பெயரோடு காட்டி கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். புதுப் படம் வந்தால், பழகியதில் எது நெருக்கமோ அதன் பெயரைச் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு என்பதில் இதுவும் ஒரு வகை. இதற்கு அடித்தளம் போட்ட ஹாப்ஃபீல்டு, ஹிண்டன் இருவருக்கும் 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டிக்கார வித்தைதான். ஆனால் மோந்து பார்க்காது, ருசி பார்க்காது.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடையாளம் இலைக்காம்புக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் குட்டிக் காய்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியுமா? அழகுக்காக வளர்க்கும் மஞ்சள் பூக்கொடி ஒன்றும் மஞ்சள் கரிசாலை போலவே இருக்கும். காந்தி மார்க்கெட்டில் நாலு தலைமுறையாகக் கீரை வாங்கும் குடும்பத்துப் பாட்டியைக் கேளுங்கள். கட்டைத் திருப்பிப் பார்த்து, ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்.

பெயர் மாறினால் உயிர் போகும்

பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்தது இது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். அதில் சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதில், ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொன்று கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. அந்த வேறொன்று, நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது! நம் பழைய நூல்களில் ஆடுதின்னாப்பாளைக்கு இடமுண்டு. ஆனாலும் இன்று தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், அதை வீட்டில் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள்.

விடுமுறைக்கு நாலு விதி

1. போன் சொன்ன பெயரை நோட்டில் எழுதட்டும். பூ, காய், இலையின் அடிப்பக்கம் மூன்றையும் பார்த்து ஒப்பிடட்டும்.

2. தெரியாத செடியை வாயில் வைக்கவோ, கசக்கி மோக்கவோ கூடாது. தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

3. போன் சொன்னது என்று எந்த மூலிகையையும் அரைத்துக் கொடுக்காதீர்கள். மஞ்சள் காமாலை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

4. தப்பித்தவறித் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அந்தச் செடியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெயர் தெரிந்துகொள்ளப் போன் போதும். மருந்தாகச் சாப்பிட, செடியை அறிந்த மருத்துவர் வேண்டும்.