ஆவியே பிசுக்கை நீக்கும்

ஆவியாதல், ஆவி சுருங்குதல் பாடத்தில் நான் கூறும் எடுத்துக்காட்டு, தொழிற்சாலைகளில் உலோக உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் முறை. தொட்டியின் அடியில் டிரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் 87° செல்சியஸில் கொதிக்கும். மேலே நிறையும் ஆவிக்குள் குளிர்ந்த உலோகத்தை இறக்கினால், ஆவி அதன்மேல் திரவமாகிப் பிசுக்கைக் கரைத்து வழியும். எண்ணெயின் கொதிநிலை மிக அதிகம் என்பதால் அது அடியிலேயே தங்கும். எழும் ஆவி தூய்மையாக இருக்கும். உலோகம் ஆவியின் வெப்பநிலையை எட்டியதும் வழிவது நின்றுவிடும். ஏன் என்று மாணவர்களிடம் கேளுங்கள். செய்துகாட்டக் கொதிநீரும் குளிர்ந்த எவர்சில்வர் தட்டும் போதும், கரைப்பான் வேண்டாம்.

இந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ 4.5 மடங்கு கனமானது, தொட்டிக்குள் தேங்கும். அதைக் கழுவ உள்ளே இறங்குபவர் மயங்கி உயிரிழக்கலாம். கரைப்பானோ புற்றுநோய் உண்டாக்குவது. நம் மாணவர் சிலர் நாளை இத்தகைய பட்டறைகளுக்கு வேலைக்குச் செல்லக்கூடும். ஆகவே, இதைச் சொல்லாமல் பாடத்தை முடிக்காதீர்கள்.