4 ஆண்டு ஆய்வு... பாதியில் தரவு நின்றுபோனால்?

இணையப் பதிவுகள், செல்போன் தடங்கள் போன்ற பெருந்தரவுகளைக் கணினியால் அலசி, சமூகத்தைப் புரிந்துகொள்வதுதான் சமூகத் தரவு அறிவியல். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முனைவர் பட்டப்படிப்பு இருக்கிறது. முடிக்க 3 முதல் 4 ஆண்டுகள் ஆகும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான தரவுகளின் சாவி தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது.

2021-ல் ட்விட்டர், பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு மாதம் 1 கோடி ட்வீட்கள் வரை இலவசமாக வழங்கியது. நிறுவனம் எலான் மஸ்க் கைக்குப் போனபின், 2023-ல் அந்த வசதி முடிவுக்கு வந்தது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய க்ரௌட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்ட்டில் மெட்டா மூடியது. பாதிவழியில் இருந்த ஆய்வுகள் சில கைவிடப்பட்டன, சில திசைமாறின.

ஆகவே, இந்தப் படிப்பில் சேர விரும்புபவர்கள் நெறியாளரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: 'இந்தத் தரவு நின்றுபோனால், மாற்று வழி என்ன?'