பழகப் பழகக் கூடும் வேகம்

ஆய்வுக்கூடத்தில் எலி இருக்கும் கூண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. எலி நடந்தால் ஒரு கற்றை மறையும். கருவி அதை எண்ணிக்கொள்ளும். சிறிதளவு கோகெய்ன் ஊசி போட்டதும் எண்ணிக்கை ஏறுகிறது. மறுநாளும் அதே அளவு, அதற்கடுத்த நாளும் அதே அளவு. ஒரு வாரம் கழிந்தால், அதே ஊசிக்கு எலி முதல் நாளைவிட மிகக் கூடுதலாக ஓடுகிறது.

தூக்கமாத்திரை பழகிவிட்டால் அதன் விளைவு பெரும்பாலும் குறையும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு: மருந்தின் அளவு ஏறவில்லை, விளைவு ஏறுகிறது. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்திலும் இப்படித்தான். ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆன பிறகும் எலியிடம் இந்த மாற்றம் தெரிகிறது. இரண்டு மூன்று ஆண்டே வாழும் பிராணிக்கு அது ஆயுளில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்.

காரணத்தை முதலில் டோபமின் என்ற மூளைச் சேதிப்பொருளிடம் தேடினார்கள். நரம்பணு வெளியே விட்ட டோபமினைத் திரும்ப உள்ளிழுக்க ஒரு புரதப் பம்பு உண்டு. கோகெய்ன் அதை அடைக்கிறது; ஆம்ஃபெட்டமின் அதைத் தலைகீழாக ஓடவைக்கிறது. இந்தப் பம்பே இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளிடம் இரண்டு மருந்துமே ஓட்டத்தைக் கூட்டவில்லை என்று 1996இல் தெரியவந்தது.

ஆனால் ஊசிக்கு ஊசி வேகம் கூடுவதை இது விளக்கவில்லை. விடை குளூட்டமேட் என்ற இன்னொரு சேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் கிடைத்தது. என்எம்டிஏ என்ற ஏற்பியை அடைத்துவிட்டு ஊசி போட்டால் எலியின் வேகம் நாளுக்கு நாள் கூடுவதில்லை. எலி வழி கற்றுக்கொள்வதற்கும் இதே ஏற்பிதான் வேண்டும்! 2001இல் சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகெய்ன் கொடுத்துப் பார்த்தார்கள். நடுமூளையின் டோபமின் நரம்பணுக்களில் ஆம்பா என்ற ஏற்பிகள் வழியாக வரும் குளூட்டமேட் சேதி வலுத்திருந்தது. ஐந்தாம் நாளிலும் அந்த வலு இருந்தது. ஒற்றை ஊசிக்கே இவ்வளவு! மூளை போதையைப் பாடமாகப் படித்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெர்ரிஜும் 1993இல் முன்வைத்த கருத்து இன்னும் ஆழமானது. மருந்து தரும் இன்பம் கூடுவதில்லை, அதன் மீதான வேட்கைதான் கூடுகிறது என்றார்கள் அவர்கள். 'இதில் சுகமே இல்லை, ஆனாலும் விட முடியவில்லை' என்று அழும் மனிதரை மனவுறுதி இல்லாதவர் என்று ஏசுவது எவ்வளவு தவறு என்பதை எனக்கு உணர்த்தியது இந்தக் கருத்துதான்.

கற்ற பாடத்தில் இடமும் சேர்ந்துகொள்கிறது. வேறு கூண்டில் அதே ஊசியைப் போட்டால் அதே எலியின் வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மருந்து வாங்கிய பழைய கூண்டில் விட்டு வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றினால் போதும், ஓடத் தொடங்கிவிடும்.