ஆடித் தள்ளுபடியும் சின்ன எழுத்தும்

ஆடி பிறந்துவிட்டால் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. 'பாதி விலை, சல்லிசா கிடைக்குது' என்று பை பையாக அள்ளிவருகிறோம். எந்த விலையில் பாதி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எம்.ஆர்.பி. என்பது அதற்குமேல் விற்கக்கூடாத உச்ச விலை, அவ்வளவுதான். மருந்து போன்ற சிலவற்றைத் தவிர அதை முடிவுசெய்வது தயாரிப்பாளரே. ஆயிரம் என்று அச்சடித்துவிட்டு வருஷம் முழுக்க ஐந்நூறுக்கு விற்கும் சரக்கில் 50% தள்ளுபடி யாருக்கு லாபம்?

சல்லிசா என்று தெரிய, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பொட்டலப் பொருள்களில் எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோ விலை. 100 கிராம் 42 ரூபாய், 'ஃபேமிலி பேக்' 200 கிராம் 90 ரூபாய் என்றால், சின்னதில் ₹0.42, பெரியதில் ₹0.45 என்று இருக்கும். பெரிசு வாங்கினால் மிச்சம் என்ற நம் பாட்டி காலத்துக் கணக்கு அங்கே அடிபடுகிறது. எழுத்து என்னவோ எறும்பு சைஸில்தான் இருக்கும்.

எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதில் 40% கழிவு என்று விளம்பரம் செய்துவிட்டு, பில் போடும்போது வரியைத் தனியே ஏற்றுவது நேர்மையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-லேயே சொல்லிவிட்டது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. கலர் பிடிக்கவில்லை என்று போனால் சட்டம் கூட வராது. குறையைச் சொல்லியே விற்ற செகண்ட்ஸ் துணியும் வேறு கதை.

கடைக்காரர் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள், தர மறுப்பதும் குற்றச்சாட்டுக்குரியதே. இப்போதைய பில் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடுகிறது. கடையை விட்டு இறங்குமுன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.